தே. கெசியா, ஜெ. கெசியா

கஸ்ஸல், ஜெர்மனி
4.11.2024

திரு. ம. ஜெப்ரி அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். கர்த்தர் கிருபையால் இங்கே சுகம். அங்கும் அப்படியே இருக்க ஜெபிக்கிறேன். வாட்ஸ்அப்பில் போட்டால் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறீர்கள். ஒன்றரை வருஷமாக இதே கதைதான். அதனால் பதிவுத் தபால். கையெழுத்துப் போட்டு வாங்கித்தானே ஆக வேண்டும்.

நர்ஸ் வேலைக்கென்று வந்தவள் இன்னும் உதவியாளராகத்தான் இருக்கிறேன். என் படிப்பை இந்த நாடு ஒப்புக்கொண்டால்தான் நான் நர்ஸ். இங்கே எந்த வயதில் படித்தாலும் மதிப்பு உண்டு. என் வார்டிலேயே ஐம்பத்துமூன்று வயதுக்காரி ஒருத்தி புதிதாகப் படிக்கிறாள். ஆனால் எத்தனை மணி நேரம் படித்தோம் என்று எல்லாவற்றுக்கும் மணிக்கணக்கு. என் டிப்ளமோ மணிகள் போதவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு படித்த பி.எஸ்சி. மணிகளையும் சேர்த்தால் சரியாக வருகிறது.

அங்கேதான் உங்கள் கைவரிசை. அப்பா பெயர் தேவானந்தம் என்பதால் டிப்ளமோவிலும் பாஸ்போர்ட்டிலும் நான் தே. கெசியா. பி.எஸ்சி. விண்ணப்பத்தை, "இங்க குடு, நானே எழுதறேன்" என்று பிடுங்கி ஜெ. கெசியா என்று எழுதினீர்கள். சர்டிபிகேட்டிலும் அதுவே வந்துவிட்டது. ஜெ. கெசியா படித்த மணிகளைத் தே. கெசியாவுக்கு எப்படிச் சேர்ப்பது என்று அங்கீகார அலுவலகத்தில் கேட்கிறார்கள். அவளும் நான்தான் என்று எத்தனை தடவை சொல்வது? வாய் வலிக்கிறது.

இரண்டு பேரும் ஒரே நபர் என்று தாலுகா ஆபீஸில் சான்று வாங்கி அனுப்ப வேண்டும். கணவர் நேரில் போய் எழுதிக் கொடுத்தால்தான் தருவார்களாம். மார்ச்சில் விசா முடிகிறது. அதற்குள் அங்கீகாரம் வராவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

இப்படிக்கு,
தே. கெசியா


பெரியநாயக்கன்பாளையம்
25.11.2024

அன்புள்ள கெசியா,

கடிதம் கிடைத்தது. 'திரு' எல்லாம் போட்டு எழுதியிருக்கிறாய், ரொம்ப மரியாதைதான்.

கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டுத் தாலுகா ஆபீஸ் போனேன். வெங்கடபதி என்று ஒரு கிளார்க். "ஏனுங்க, ஊட்டுக்காரம்மா வரலீங்களா?" என்றார். ஜெர்மனியில் இருக்கிறாள் என்றேன். "அப்ப அங்க இருக்கறது எந்தக் கெசியாங்க?" என்று கேட்கிறார் மனுஷன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். மறைப்பானேன், சொல்லிவிடுகிறேன். நான் எழுதிக் கொடுக்காவிட்டால் மார்ச்சில் நீ வீடு வந்து சேர்ந்துவிடுவாய். பிறகு நான் எதற்கு எழுதிக் கொடுக்க வேண்டும்? டிப்ளமோ, பி.எஸ்சி., அப்புறம் ஜெர்மன். முப்பத்தெட்டு வயதில் இன்னும் என்ன அங்கீகாரம்? வெங்கடபதி கொடுத்த படிவத்தைக் கையெழுத்துப் போடாமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கோபித்துக்கொள்ளாதே. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ.

ஜெப்ரி


கஸ்ஸல்
9.12.2024

ஜெப்ரி அவர்களுக்கு,

கோபித்துக்கொள்ளாதே என்றால் என்ன அர்த்தம்?

பெட்டியைக் கட்டினாலும் உங்கள் வீட்டுக்கு வர மாட்டேன், காரமடைக்கு அம்மாவிடம் போய்விடுவேன். அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் பரீட்சை அன்று என் ஸ்கூட்டி சாவியை ஒளித்து வைத்தீர்களே, மறந்துபோயிற்றா? இரண்டு பஸ் மாறி, முக்கால் மணி நேரம் தாமதமாகப் போய், தோற்றுப்போய், மூன்று மாதம் கழித்து மறுபடி எழுதினேன். அன்றைக்குச் சாவி, இன்றைக்குக் கையெழுத்து.

காலையில் பதினொரு பேரைத் துடைத்து, உடை மாற்றி, சோறு ஊட்டுகிறேன். ஊசி போடும் நேரத்துக்கு மட்டும் என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு இருபத்திரண்டு வயதுப் பெண்ணைக் கூப்பிடுகிறார்கள். பதினாலு வருஷம் ஊசி போட்ட கை. ஒவ்வொரு தடவையும் எனக்கு அழுகை வருகிறது. இதை உங்களிடம் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

தே. கெசியா


பெரியநாயக்கன்பாளையம்
20.1.2025

அன்புள்ள கெசியா,

சான்று இத்துடன் இருக்கிறது. உன்னைத் தள்ளி நிற்கச் சொல்கிறார்கள் என்று படித்த பிறகு படிவத்தைச் சட்டைப்பையில் வைத்திருக்க முடியவில்லை. தாலுகா ஆபீஸுக்கு ஐந்து தடவை நடந்தேன். ஒரு நாள் ஆபீசர் மீட்டிங், ஒரு நாள் சர்வர் வேலை செய்யவில்லை, ஒரு நாள் என் போட்டோ சின்னதாம். கடைசி நாள் வெங்கடபதி, "ரெண்டும் ஒரே ஆளுன்னு உறுதியாச் சொல்றீங்களா?" என்று கேட்டார். "படிச்சது பூராவும் அவதானுங்க. அந்த 'ஜெ' மட்டுந்தானுங்க என்னுது" என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் பத்தாவதோடு பம்ப்செட் கம்பெனிக்கு மோட்டார் காயில், அதாவது செம்புக் கம்பி, சுற்ற வந்தவன். இருபது வருஷம் சுற்றியும் என் பெயரில் ஒரு காகிதம் இல்லை. உன் சர்டிபிகேட்டிலாவது என் பெயரில் ஓர் எழுத்து இருக்கட்டும் என்றுதான் அன்று எழுதினேன். அப்புறம் நீ படித்துக்கொண்டே போகப் போக எனக்குப் பயம் வந்துவிட்டது. சாவியை ஒளித்தது தப்பு.

அந்தச் சாவியையும் இதில் வைத்திருக்கிறேன். இனி என்னிடம் வேண்டாம்.

ஜெப்ரி


கஸ்ஸல்
17.3.2025

ஏனுங்க,

சான்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அலுவலகத்து அம்மாள் ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டு, "கையெழுத்துப் போட்டிருக்கும் ம. ஜெப்ரி யார்? திருமணச் சான்றில் ஜெப்ரி மனோகரன் என்று இருக்கிறதே?" என்றார். தலையில் அடித்துக்கொண்டேன். மாமா பெயர் மனோகரன், அதுதான் 'ம' என்று சொல்லிப் பார்த்தேன். எழுத்தில் வேண்டுமாம். நல்லவேளை, மனைவி எழுதிக் கொடுத்தாலே போதும் என்றார்கள்.

எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. சாவியை ஒளித்த ஆளும், ஐந்து தடவை தாலுகா ஆபீஸுக்கு நடந்த ஆளும் ஒரே ஆள்தானா? எனக்குத் தெரியவில்லை. ஒரே ஆள் என்றுதான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அது பொய்க் கையெழுத்தாக இருந்தால் எனக்குச் சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை அங்கீகாரம் வந்துவிட்டது, விசாவும் நீள்கிறது. இன்று காலை இங்கே என் முதல் ஊசியைப் போட்டேன்.

ஸ்கூட்டி அங்கே நிற்கிறது, சாவியை இங்கே அனுப்பி வைத்திருக்கிறீர்கள். உங்களை என்னதான் செய்வது? ஆகஸ்டில் லீவுக்கு வரும்போது எடுத்துவருகிறேன். பேட்டரி செத்திருக்கும், மாற்றி வையுங்கள்.

கெசியா