சுங்கை ரோட்டில் என் மூக்குக் கண்ணாடி

7 மே 1957, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். தங்கை மேரியோடு தேக்கா சந்தைக்கு. சிங்கப்பூர் வந்து ஆறு நாளாகியும் விலை கேட்டால் இன்னும் நெஞ்சு பக்கென்கிறது. ஒரு வெள்ளி நம் ஒன்றரை ரூபாய். முருங்கைக்காய் விலையைக் கேட்டு அப்படியே கீழே வைத்துவிட்டேன். ஒரு காசு நாணயம் இங்கே சதுரம்!

வாங்க வேண்டியவை: பள்ளிக்கூடத்து டீச்சர்களுக்கு நைலான் சேலை நாலு. ஹெச்.எம்.முக்கு பிளாஸ்க். எனக்குக் குடை.

ஒன்றும் வாங்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் நெரிசல். இறங்கிப் பார்த்தால் தோளில் வார் மட்டும் தொங்குகிறது, பை இல்லை. பிளேடால் அறுத்திருக்கிறான். டீச்சர்கள் சேர்த்துக் கொடுத்த அறுபது வெள்ளி போயிற்று. படிக்கிற கண்ணாடியும்.

அழுகை வரவில்லை. அறுந்த வாரைச் சுருட்டிக் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

8 மே, புதன்

கண்ணாடி இல்லாமல் எழுதுவதால் வரி கோணுகிறது. மாப்பிள்ளை (மேரியின் கணவர்) நாற்பது வெள்ளி தந்தார். "ஊருக்குப் போய் மெதுவா அனுப்புங்க அக்கா, அவசரமில்ல." தலை நிமிர முடியவில்லை.

கண்ணாடிக் கடையில் முப்பத்தைந்து வெள்ளி என்கிறான். என் பாதிச் சம்பளத்துக்கு மேல்! வெளியே வந்துவிட்டோம்.

சேலைக் கடையில் பத்துக் காசு எது, இருபது எது என்று தெரியவில்லை. கையை விரித்து நீட்டினேன், கடைக்காரரே பொறுக்கிக்கொண்டார். இருபத்திரண்டு வருஷமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான்.

அவரிடம் மேரி நடந்ததைச் சொன்னாள். "சுங்கை ரோடு திருட்டுச் சந்தையில பாருங்க லா. நேத்து போன சாமான் இன்னிக்கு அங்க வந்திருக்கும்." இந்த ஊர் வழக்கப்படி ஒரு 'லா' போட்டு, தபாலாபீசுக்கு வழி சொல்வது போலச் சொல்கிறார்! திருட்டுச் சாமானுக்குத் தனியாக ஒரு சந்தை. எல்லாருக்கும் தெரியுமாம்.

9 மே, வியாழன்

பொல்லாத நாள். உள்ளதை உள்ளபடி எழுதவேண்டும்.

சுங்கை ரோடு. கால்வாய் நாற்றம். தரையில் சாக்கை விரித்துக் கடை. ஒற்றைச் செருப்பு, கடிகாரம், பல்செட்கூட. ஒரு சீனக் கிழவர் முன்னால் கண்ணாடிகள் குவியலாக. அங்கே குத்துக்காலிட்டு ஒரு தமிழர், எழுபது வயதிருக்கும், கூலி வேலைக்காரர் போல. கையில் ஊர்க் கடிதம். முகத்தில் என் கண்ணாடி! இடது காம்பில் நான் சுற்றிய நீல நூல்.

"திருடன்" என்று கத்தினேன். பாய்ந்து பிடுங்கினேன். நகம் பட்டு அவர் காதோரம் கீறி ரத்தம் துளிர்த்தது.

"நான் திருடலைம்மா. இப்பத்தான் ஒரு வெள்ளி குடுத்து வாங்கினேன்."

சீனக் கிழவர் மலாயில் ஏதோ சொன்னார். வித்தது வித்ததுதானாம். மேரிதான் சொன்னாள்.

"அப்ப என் ஒரு வெள்ளிம்மா?" என்று அந்தத் தமிழர் என்னைக் கேட்டார். "திருட்டுச் சாமான் வாங்கினா அப்படித்தான்" என்றேன். எல்லாரும் பார்த்தார்கள். நடந்துவிட்டேன்.

பஸ்ஸில் மேரி வேறு இருக்கையில் போய் உட்கார்ந்தாள். வீட்டு வாசலில், "அவருக்கு நம்ம அப்பா வயசு இருக்கும்க்கா."

10 மே, வெள்ளி

நாள் முழுக்க மழை. எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிகிறது. படிக்க ஒன்றிலும் மனம் போகவில்லை. ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைக் கீறினால் முட்டி போடச் சொல்கிறவள்.

11 மே, சனி

சுங்கை ரோட்டுக்குத் தனியாகப் போனேன். முதல் தடவை. அதே இடத்தில், பக்கத்து டீக்கடைப் பலகையில் அவர். என்னைக் கண்டதும் எழுந்து இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "நான் ஒண்ணும் எடுக்கலைம்மா."

ஒரு வெள்ளியை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். "மன்னிச்சிருங்க ஐயா" என்றேன். கடிதம் இன்னும் சட்டைப் பையில்.

"நான் படிச்சுச் சொல்லட்டுமா?"

"வேணாம்மா. மகன் எழுதினது. அடுத்தவங்க படிச்சா நாங்க தங்கற கொட்டகையில எல்லாருக்கும் தெரிஞ்சுபோகுது. நானே படிக்கணும்."

அவரைக் கூட்டிக்கொண்டு சீனக் கிழவரின் கண்ணாடிக் குவியலுக்குப் போனேன். ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தார். ஒன்றில் எல்லாம் புகை, ஒன்றில் தலை சுற்றுகிறதாம். ஆறாவது தங்க விளிம்பு வைத்தது, கண்ணாடி வைக்கும் கூட்டோடு. கடிதத்தைப் பிரித்தார். உதடு அசைந்தது. முதல் பக்கம் முடிந்து திருப்பினார். என்னை மறந்தேபோனார்.

சீனக் கிழவர் மூன்று விரல் காட்டினார். நான் ஒன்று காட்டினேன். ஒன்றரை வெள்ளிக்கு முடிந்தது; நானே கொடுத்தேன்.

கூட்டின் உள்பக்கம், என்னைப் போலவே பறிகொடுத்த யாரோ மையால் பெயரும் வீட்டு விலாசமும் எழுதிவைத்திருந்தார்கள். படித்தேன். கூட்டை மூடி அவர் கையில் கொடுத்துவிட்டேன்.