‘அவ’வை ‘அவிய’ ஆக்கினவளுக்கு

என் வாயையும் ராஜாமணி வாயையும் மோதவிடாமல் நடுவில் நின்ற என் பாக்கியத்துக்கு,

நீ போன பிறகு அடுத்த பருத்திக் காலமும் வந்துவிட்டது. ஜின்னிங் பேக்டரி வாசலில் மறுபடியும் வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன. இந்த வருஷம் ஐப்பசி மழை ஏமாற்றவில்லை. கரிசல் காடு முழுக்கப் பருத்தி வெடித்துக் கிடப்பதைப் பார்த்தால், "கண்ணு கூசுதுக்கா" என்பாய். உன் மகள் உங்கள் ஊர் எப்போதும்வென்றானில் உன் அம்மாவோடு இருக்கிறாள், பள்ளிக்கூடம் போகிறாளாம். அவளுக்கு அப்படியே உன் மூக்கு.

ஆனால் நான் சொல்ல வந்தது ராஜாமணியைப் பற்றி. சிரிக்காதே.

இந்தக் கடிதத்தைப் படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். நம் பக்கத்தில் மூன்று மெஷின். இடது பக்கம் நான், வலது பக்கம் ராஜாமணி, நடுவில் நீ. பருத்தியை அள்ளி அள்ளிக் கொடுத்தால் கொட்டை தனியாக, பஞ்சு தனியாக விழும். அந்த இரைச்சலில் காதோடு வாயை வைத்துச் சொன்னால்தான் எதுவும் கேட்கும்.

ராஜாமணி காலையில் எனக்கு முன்னால் வந்து, அவள் பங்குக் கறைப் பருத்தியை என் குவியலில் தள்ளிவிடுவாள். மேஸ்திரியிடம் ஏச்சு வாங்குவது நான். ஏன் இப்படிச் செய்கிறாய் என்று கேட்டதற்கு, அத்தனை பேர் முன்னால் என்னைப் பொய்க்காரி என்றாள். அன்றோடு எங்கள் பேச்சு நின்றது. அதன் பிறகு தண்ணீர்ப் பானையோ விளக்குமாறோ, எது வேண்டுமானாலும் உன் வழியாகத்தான்.

"யக்கா, ராஜாமணியக்கா சொல்லுதாவ. அவியளுக்குப் பானை எட்டலையாம், கொஞ்சம் தள்ளி வைப்பீயளாம்" என்று என் காதில் சொல்வாய். எவ்வளவு மரியாதையாகக் கேட்கிறாள், நாம்தான் முறுக்கிக்கொண்டு நிற்கிறோமோ என்று நானும் பானையைத் தள்ளி வைப்பேன்.

கரண்ட் போன அந்த நாளை மறக்க முடியுமா? திடீரென்று எல்லா மெஷினும் நின்றுவிட்டன. உன் காதில் ராஜாமணி கத்திக்கொண்டிருந்தது மட்டும் நிற்கவில்லை. "அந்த மூதேவிகிட்ட சொல்லுட்டி! பானையை அவ அப்பன் வீட்டுல இருந்தா கொண்டாந்தா?" பேக்டரியே கேட்டது. நீ அசரவில்லை. என் பக்கம் திரும்பி, "யக்கா, அவிய தண்ணி கேக்காவ" என்றாய். எல்லாரும் சிரித்து உருண்டார்கள். நானும் சிரித்தேன். ராஜாமணிகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் உன்னைப் பிடித்துக்கொண்டேன். "இத்தனை நாளும் மாத்தி மாத்தித்தான் சொன்னியா?"

"பின்ன? உள்ளபடி கொண்டு போனா என் வாய்தானக்கா வெந்துபோகும்."

"அப்ப நான் சொன்னதையும் மாத்துனியா?"

"நீங்க மட்டும் கொஞ்சமாவா பேசுதீய?" என்றாய். எப்போதும்வென்றான்காரியிடம் யார் பேசி ஜெயிக்க முடியும்?

ஊரார் பேச்சையெல்லாம் பதமாக்கிக் கொண்டு போனவள், உன் உடம்பு படுத்தினதை மட்டும் ஏன் யாரிடமும் சொல்லவில்லை? கண் மஞ்சளானது எங்களுக்குத் தெரியாமல் போயிற்றே. பஞ்சுத் தூசி என்று சொன்னாய், நாங்களும் நம்பினோம். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது காமாலை முற்றிவிட்டது. நீ செத்திருக்கக் கூடாது பாக்கியம். அதற்கு உனக்கு வயசே ஆகவில்லை.

உன் சாவுத் துட்டிக்கு நானும் ராஜாமணியும் ஒரே பஸ்ஸில்தான் போய் வந்தோம். திரும்பும்போது மூன்று பேர் சீட்டில் அந்தக் கடைசியில் அவள், இந்தக் கடைசியில் நான். ஓட்டப்பிடாரத்துக்குப் போகிற ஒரு பொம்பளை ஏறி, நடுவில் உட்காரப் போனாள். ராஜாமணி சட்டென்று கையை வைத்து, "அங்கன ஆளு இருக்கு" என்றாள். சொல்லிவிட்டு அவளே திகைத்துப் போனாள். அந்தப் பொம்பளை எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டே வந்தாள். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்து அழுதோம். அப்போதும் பேசவில்லை.

உன் மெஷினுக்குக் கழுகுமலைக்காரி ஒருத்தி வந்தாள். நல்லவள்தான், ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்கிறாள், பாவி. முதல் நாளே என் காதில், "அவ ஒங்கள மூதேவிங்குதா" என்றாள். நான் திருப்பிச் சொன்னதையும் சிந்தாமல் சிதறாமல் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒரு வாரம் தாங்கவில்லை. நான் விளக்குமாற்றைத் தூக்கினேன், ராஜாமணி சேலையை வரிந்து கட்டினாள். மேஸ்திரி ஓடி வந்து மெஷினை நிறுத்தினார்.

என்னை மட்டும் தனியே கூப்பிட்டார். "செல்லத்தாயி, இனிமே ரெண்டு பேரும் இங்கன நிக்க முடியாது. நீ பழைய ஆளு. ஒரு வார்த்தை சொல்லு, அவள இன்னைக்கே நிப்பாட்டிருதேன்."

ராஜாமணி தூரத்தில் தூணோடு சாய்ந்து நின்றாள். அவள் வீட்டுக்காரர் படுத்த படுக்கை. இந்தக் கூலி வந்தால்தான் அடுப்பு எரியும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் நான் நல்லவள் வேஷம் போட மாட்டேன். நிப்பாட்டுங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"அவிய இருக்கட்டும் அண்ணாச்சி."

"ஆரு?" என்றார் மேஸ்திரி. அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை. ராஜாமணியை நான் அப்படி மரியாதையாகச் சொல்லி அவர் கேட்டதில்லை, நானே கேட்டதில்லை.

"ராஜாமணியக்காதான். அவிய இருக்கட்டும். கழுகுமலைக்காரியை என் இடத்துக்கு அனுப்பிட்டு, நான் நடு மெஷினுக்கு வந்துருதேன்."

இப்போது உன் இடத்தில் நிற்கிறேன். வியர்வை துடைக்க நீ கம்பியில் கட்டின துணியை அவிழ்க்கவில்லை. அதில் முகத்தை வைக்கும்போதெல்லாம் அழுகை வருகிறது. தூசி விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொள்கிறேன்.

ராஜாமணி திருந்திவிட்டாள் என்று நினைக்காதே. மறுநாள் காலையிலேயே என் குவியலில் அவள் கறைப் பருத்தி. பாதியைத் திருப்பித் தள்ளினேன். அவள் பார்த்தும் பார்க்காதது போல இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, என் காதோடு வாயை வைத்துக் கத்தினாள்: "ஏட்டி, பானையத் தள்ளு!"

நான் தள்ளி வைத்தேன் பாக்கியம். அவள் என்ன சொன்னாலும், நீ எப்படிச் சொல்லியிருப்பாயோ அப்படியே இனி காதில் வாங்கிக்கொள்கிறேன். இது உன் மேல் சத்தியம். நீ மட்டும், கரண்ட் போய் எல்லா மெஷினும் நிற்கிறபோது, ஒரே ஒரு தடவை என்னை "யக்கா" என்று கூப்பிடமாட்டாயா?

உன் இடது பக்கத்து அக்கா,
செல்லத்தாய்