கைதான கப்பலும் உன் 'சாப்பிட்டியளா'வும்

இன்று காலை நானே புளித்தண்ணி வைத்தேன். வெங்காயத்தைக் கையால் பிசைந்து, வற்றல் மிளகாயைச் சுட்டு நொறுக்கிப் போட்டு, அடுப்பில் ஏற்றாமலே கரைத்து எடுப்பாயே, அதுதான். சுட்ட மிளகாயின் நெடி வீடெல்லாம் பரவி, எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் கதவைத் தட்டி, "க்யா ஜல் ரஹா ஹை, பாயி ஸாப்?" என்று கேட்டுவிட்டுப் போனாள். எரிவது என் வயிறுதான் என்று அவளிடம் எப்படிச் சொல்ல? இந்தச் சமையல் உன் அம்மா வீட்டிலிருந்து வந்ததில்லை, என் சேலத்திலிருந்தும் வந்ததில்லை. அது சூசையிடமிருந்து வந்தது.

உன்னிடம் ஒளிக்க இனி என்ன இருக்கிறது? சூசை மேல் எனக்குப் பொறாமை. அப்போதும் பொறாமை, இப்போதும் பொறாமை. டில்லி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் உட்கார்ந்துகொண்டு, முகம் தெரியாத ஒரு கப்பல் சமையல்காரனைப் பார்த்துப் புழுங்கிய ஒரே ரிடையர்டு ஆடிட்டர் நானாகத்தான் இருப்பேன்.

முதன்முதலில் அவன் பெயரை நீ சொன்னது சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருக்கும்போது. கப்பல் துறை ஆபீஸில் மாலுமிகளின் புகார்களைப் பார்க்கும் இருக்கைக்கு உன்னை மாற்றியிருந்த புதிது. "ஒரு கப்பலை அரெஸ்ட் பண்ணிட்டாங்கங்க" என்றாய். கப்பலுக்கு எந்தக் கையில் விலங்கு மாட்டுவார்கள் என்று நான் கேலி செய்தேன். நீ சிரிக்கவில்லை. முதலாளி எந்த நாட்டிலோ ஒளிந்துகொண்டான். எண்ணெய் கொடுத்தவனுக்கும் பாக்கி, வேலை செய்தவனுக்கும் சம்பளம் பாக்கி. ஆள் கிடைக்காததால் கப்பலைப் பிடித்துவிட்டார்கள். கோர்ட் உத்தரவை அதன் கம்பத்தில் ஒட்டிவிட்டால், துறைமுகத்தை விட்டு அது அசைய முடியாதாம்.

"சரி, அதுல இருக்கிறவங்க இறங்கிப் போக வேண்டியதுதானே?"

"கப்பலைக் காலியா விட முடியாதுங்க. யாராவது இருந்தே ஆகணும். மத்தவங்க ஒவ்வொருத்தரா போயிட்டாங்க. மிச்சம் இருக்கிறது நாலஞ்சு பேர். அதுல சூசைன்னு ஒருத்தன், சமையல்காரன், எங்க ஊர்ப்பக்கம்."

அந்த 'எங்க ஊர்ப்பக்கம்' எனக்கு அப்போதே சரியாகப் படவில்லை.

மறுநாள் காலையில் நீ பால்கனியில் போனோடு நின்றாய். குரங்குகளுக்குப் பயந்து கம்பி அடித்த அந்தப் பால்கனியில் நீ அவ்வளவு நேரம் நின்று நான் பார்த்ததேயில்லை. டீயை எடுத்துக்கொண்டு வந்தேன். உள்ளே வந்து விழுந்தது உன் குரல். "என்னய்யா சூசை, எல்லாரும் சாப்பிட்டியளா?"

நான் டீயோடு அப்படியே நின்றுவிட்டேன். 'சாப்பிட்டியளா'! அதை நான் கேட்டு எத்தனை காலம்! கல்யாணமான புதிதில், "வந்துட்டியளா, குளிச்சிட்டியளா" என்று நீ கேட்கும்போது எங்கள் வீட்டில் எல்லோரும் அதைத் திருப்பிச் சொல்லிச் சிரிப்பார்கள். உன் நெல்லைத் தமிழைச் சத்தமில்லாமல் மடித்து உள்ளே வைத்துவிட்டாய். டில்லிக்கு வந்த பிறகு நீ பேசியது எல்லோரும் பேசும் தமிழ். 'அச்சா', 'டீக் ஹை' கலந்த ஆபீஸ் தமிழ். என்னோடும் அதேதான். அது தொலைந்துபோய்விட்டது என்றே நினைத்திருந்தேன். தொலையவில்லை. யாரோ ஒருவன் துறைமுகத் தண்ணீரில் நிற்கும் கப்பலிலிருந்து கேட்டதும் மடிப்புக் கலையாமல் எடுத்துக் கொடுத்துவிட்டாய்.

அன்றிலிருந்து தினமும் காலை டீக்கு அவன் கூட இருந்தான். குடிதண்ணீர்ப் படகு வந்ததா, ஜெனரேட்டர் ஓடுகிறதா, அவன் கூட்டாளி அழுகையை நிறுத்தினானா என்றெல்லாம் கேட்பாய். டில்லியில் மழை பெய்தால், "அங்க காத்து எப்படி?" என்பாய். நான் முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறி வருவேன். மாத்திரை மேஜையில் இருக்கிறது என்று கையைக் காட்டிவிட்டு அவனிடம் பேசிக்கொண்டிருப்பாய். கப்பலில் அரிசியும் புளியும் வெங்காயமும் வற்றலும் மட்டும் மிஞ்சிய நாட்களில் அவன் கண்டுபிடித்த புளித்தண்ணியை நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்குக் கொண்டுவந்தாய். நன்றாக இருந்தது. அதனால்தான் இன்னும் எரிச்சல்.

மகளிடம் முறையிட்டேன். குருகிராமிலிருந்து போனிலேயே அவள் சிரித்த சிரிப்பு! "அப்பா, நீங்க ஜெலஸா? ஒரு குக் மேலயா? ஹத் ஹை, இது ரொம்ப ஓவர்!" என்றாள். உன்னிடமும் போட்டுக் கொடுத்துவிட்டாள். அன்று இரவு சாப்பாடு பரிமாறும்போது நீ என்னைப் பார்த்த பார்வையில் கேலி இருந்தது. ஆனால் சொன்னது வேறு. "அவனுக்கு நான் ஒண்ணும் பெருசா பண்ணலங்க. லெட்டர் எழுதுறேன், கோர்ட்ல என்ன ஆச்சுன்னு கேட்டுச் சொல்றேன். ஆனா சாப்பிட்டியான்னு கேக்க ஒரு ஆள் இல்லன்னா அங்க மனுஷன் தண்ணியில குதிச்சிருவான்." நான் குனிந்து சாப்பிட்டேன். என்னையும் கேளேன் என்று சொல்ல வாய் வரை வந்தது.

பனிமூட்டம் விலகாத ஒரு காலையில் நீ எழுந்திருக்கவில்லை. அதைப் பற்றி உனக்கு எழுத ஒன்றுமில்லை.

வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, மகளும் போன பிறகு, டீ வேளையில் உன் போன் அடித்தது. திரையில் 'சூசை கப்பல்'. எடுத்தேன்.

"அக்கா?"

"அக்கா தூங்குறா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? நீ சொன்ன அந்தத் தண்ணீர் நினைவுக்கு வந்தது உண்மை. கப்பல் கம்பிமேல் சாய்ந்து நிற்கும் ஒருவனிடம் போய் இதைச் சொல்வதா என்று பயந்தது உண்மை. ஆனால் அது மட்டுமில்லை. சொன்னால் அவன் அழுவான். உனக்காக அழும் உரிமையையும் அவனோடு பங்கு போட்டுக்கொள்ள எனக்கு மனமில்லை. உன் தமிழைத்தான் அவன் எடுத்துக்கொண்டான், துக்கமாவது முழுசாக எனக்கே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

மறுநாளும் கூப்பிட்டான். பூஜையில் இருக்கிறாள் என்றேன். அதற்கடுத்து பஸ்ஸுக்குப் போய்விட்டாள், மீட்டிங், தொண்டை கட்டிவிட்டது. அவனும் சரி அண்ணாச்சி, சரி அண்ணாச்சி என்று கேட்டுக்கொள்வான். வைத்துவிடாமல், ராத்திரி காற்றில் நங்கூரச் சங்கிலி முனகியது, கூட்டாளிக்குக் காய்ச்சல் விட்டது என்று எதையாவது சொல்லிக்கொண்டிருப்பான். புளித்தண்ணிப் பக்குவத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அப்போதுதான். நான் ஆட்டோ பிடித்து உன் ஆபீஸுக்குப் போய், உன் இருக்கையில் இப்போது உட்காரும் திவாரிஜியிடம் கப்பல் என்னவாயிற்று என்று கேட்டுவிட்டு வருவேன். உன் நாற்காலியில் நீ போட்டிருந்த துண்டு அப்படியே இருந்தது. அவர் நல்ல மனுஷன். கப்பலைக் கோர்ட் ஏலம் விடுகிறது, வாங்கியவன் பணம் கட்டியதும் பாக்கி தீர்ந்துவிடும், கொஞ்சம் பொறுங்கள் என்று ஒவ்வொரு முறையும் டீ வாங்கிக் கொடுப்பார்.

ஒரு மத்தியானம் அவரே கூப்பிட்டார். மூச்சு வாங்க, "பாயி ஸாப், ஜஹாஜ் ச்சூட் கயா!" என்றார்.

இந்த ஊரில் பஸ்ஸைத் தவறவிட்டாலும் ச்சூட் கயாதான். ஜஹாஜ் என்றால் நம் மகளுக்கு என்றைக்கும் ஏரோப்ளேன்தான். அவளை வளர்த்து வளர்த்து எனக்கும் அப்படியே ஆகிவிட்டது. யாரோ ப்ளேனைத் தவறவிட்டுவிட்டார்கள், பாவம் என்று நினைத்து, "கிஸ்கா?" என்றேன், யாருடையது என்று. "ஆப்கா! மேடம் கா!" என்றார், உங்களுடையது, மேடத்துடையது என்று. நாங்கள் எங்கும் கிளம்பவில்லையே என்று சொல்ல வாயெடுத்த பிறகுதான் உறைத்தது. கைதி ஜெயிலிலிருந்து வந்தாலும் ச்சூட் கயாதானே. ஜஹாஜ் என்றால் கப்பலும்தானே. உன் கப்பலை விட்டுவிட்டார்கள். நீ தவறவிட்டுவிட்டாய். இரண்டுக்கும் இந்த ஊரில் ஒரே வார்த்தை. நீ இருந்திருந்தால் என் அசட்டுத்தனத்தை ஆபீஸ் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பாய். நான் போனை வைத்துவிட்டு, நீ போன பிறகு முதல் முறையாகச் சத்தம் போட்டு அழுதேன்.

சாயங்காலம் சூசை கூப்பிட்டான். பின்னால் லாரி ஹாரன் சத்தம், மனிதர்கள் பேசும் சத்தம்.

"அண்ணாச்சி, கரையில காலு வச்சிட்டேன்! தரை ஆடுத மாதிரி இருக்கு. அக்காட்ட குடுங்க."

இனிமேல் மறைக்கக் கூடாது. "சூசை, அக்கா..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் அண்ணாச்சி."

"யார் சொன்னா?"

"ஒருத்தரும் சொல்லல. மொத நாளே தெரிஞ்சிட்டு. அக்கா இருந்தா அவிய போனை உங்க கையில குடுப்பாவளா?"

உன் போனை நான் தொட்டால் நீ என்ன கத்து கத்துவாய் என்பதுகூட அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

"பொறகு எதுக்குய்யா தினமும் அக்கா எங்கன்னு கேட்டே?"

"வேற என்ன சொல்லிப் போன் போட? நீங்க அங்க தனியால்லா இருப்பிய." மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, "சாப்பிட்டியளா அண்ணாச்சி?" என்றான்.

இப்போது அவன் ஊரோடு இருக்கிறான். கடலுக்குப் போகவில்லை, ஒரு கல்யாண மண்டபத்தில் சமைக்கிறான். உன் வேலைக்குக் கொடுத்த குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், மகள் வீட்டுக்குப் போகப் பெட்டி கட்டியாகிவிட்டது. உன் போனை மட்டும் பெட்டியில் வைக்கவில்லை. காலையில் அது அடிக்கும்.

இன்றும் அடித்தது. "சாப்பிட்டேன், உன் புளித்தண்ணிதான்" என்றேன். பிறகு, எனக்கே கூச்சமாக இருந்தது, இருந்தும் கேட்டுப் பார்த்தேன். "நீங்க எல்லாரும் சாப்பிட்டியளா?"

அவன் சிரித்துவிட்டான். "அப்படி இல்ல அண்ணாச்சி. அந்த 'ளா'வ லேசா இழுக்கணும். அக்கா இழுப்பாவ."

என் பெண்டாட்டி எப்படிக் கேட்பாள் என்று எனக்கே பாடம் எடுக்கிறான், பார். காதில் புகை வந்தது. போனை வைத்த பிறகு, கட்டி வைத்த பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, இழுத்து இழுத்துச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.