உன் நேயர்களுக்கு நான் சொன்ன செய்தி

அன்பு மாப்பிள்ளை மணிமாறா,

நீ உயிரோடு இருந்தவரை உன்னைப் பாராட்டி ஒரு சொல்லும் சொல்லாத அத்தான் எழுதுகிறேன். மறைந்தவர்மீது சினம் கொள்ளலாகாது என்று மேடைகளில் நானே முழங்கியிருக்கிறேன். பொறாமை கொள்ளலாகாது என்று முழங்கியதில்லை. அந்த இடைவெளியில் நின்றுகொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நான் மண்டபத்துக்காரன். புணேயில் தமிழர் கூடுமிடமெல்லாம், ஒலிபெருக்கி பழுதுபட்டாலும் கடைசி வரிசைக்குக் கேட்கப் பேசியவன். ஆயினும் என் சொல் மண்டபச் சுவரோடு நின்றது. உன் சொல்லோ விண்ணுக்குப் போய்த் திரும்பியது. செயற்கைக்கோள் வானொலியின் தமிழ் அலைவரிசையில் உனக்கு அறிவிப்பாளர் வேலை கிடைத்தபோது, நீ பெங்களூரில் பேசினால் அது ஒரே நொடியில் கடல் கடந்தும் கேட்கும், நம் விஷ்ராந்த்வாடியிலும் கேட்கும் என்று உன் அக்காள் பொற்கொடி தெருவெல்லாம் சொல்லிவந்தாள். அவள் என் பேச்சுக்காக ஒரு வீட்டுக் கதவையேனும் தட்டியிருப்பாளா?

அந்த வானொலிப் பெட்டி உனக்கு நினைவிருக்கும். அதன் அலைவாங்கித் தட்டு தென்கிழக்கு வானத்தைத் தடையின்றிப் பார்க்க வேண்டும். குறுக்கே ஒரு சுவர் வந்தாலும் குரல் அறுந்துபோகும். எங்கள் வீட்டில் தென்கிழக்கு பார்த்த சன்னல் சமையலறையில் மட்டுமே இருந்தது. ஆகவே சமையலறை உன்னுடையதாயிற்று. நான் கூடத்தில் உரை பயின்றுகொண்டிருப்பேன். உள்ளே அவள் உன்னோடு சிரித்துக்கொண்டிருப்பாள்.

தனிப் பெட்டி வாங்கி, ஆண்டுக் கட்டணமும் கட்டிக் கேட்பதற்கு நம்மவர்கள் போதவில்லை. நிலையத்தை மூடினார்கள். எனக்கு மகிழ்ச்சிதான், அதை இப்போதும் மாற்றிச் சொல்லமாட்டேன். வெளிநாடுகளில் மகிழுந்துக்குள் அவ்வகை வானொலி இன்னும் ஒலிக்கிறதாம். அங்கே அது இணையத்தோடு மல்லுக்கட்டட்டும், இங்கே என் மைத்துனன் ஓய்ந்தான் என்று எண்ணினேன்.

நீ ஓய்ந்தாயா? புணேக்கே திரும்பிவந்து, கராடியில் உன் வீட்டு அலமாரிக்குள் தலையை நுழைத்து, தொங்கும் புடவைகளுக்கு நடுவே அலைபேசியில் பேசி, ஒரு செயலி வழியே இணையத்தில் ஏற்றத் தொடங்கினாய். எதிரொலி வராமலிருக்கப் புடவையைவிடச் சிறந்தது எதுவுமில்லை என்றாய். அதன்பின் உனக்குச் சன்னலும் தேவைப்படவில்லை, திசையும் தேவைப்படவில்லை. பொற்கொடி கூடத்தைப் பெருக்கும்போதும் நீ, கடக்வாஸ்லா பேருந்திலும் நீ. உன் குரலுக்குத் தப்பி நான் ஒதுங்குவதற்கு என் வீட்டில் ஓர் அறை எஞ்சவில்லை.

"நீ ஏன் இப்படிக் குழைந்து பேசுகிறாய்? தமிழுக்கு ஒரு மிடுக்கு வேண்டாமா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அத்தான், நான் சோறு வடிக்கிறவங்களுக்குப் பேசறேன். உங்கள மாதிரிப் பேசினா பயந்துபோய்க் கஞ்சியக் கையில கொட்டிக்குவாங்க" என்றாய். உன் அக்காள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

போட்டிக்கு நானும் வந்தேன். உன் மகள் கயல்தான் என் உரைகளையும் அதே செயலியில் ஏற்றிக் கொடுத்தாள். ஆனால் மாப்பிள்ளை, செயற்கைக்கோள் பெருந்தன்மை உடையது. கேட்டவர் யார், பாதியில் எழுந்து போனவர் யார் என்று அது பார்ப்பதில்லை. எல்லார்மீதும் பொழிந்துவிட்டுப் போய்விடும். இந்தச் செயலியோ ஒவ்வொரு காதையும் கணக்கில் வைக்கிறது. கயல் அலைபேசியைத் திருப்பிக் காட்டினாள்.

"மாமா, இந்தக் கோடு பாருங்க, சட்டுனு இறங்குது. இங்கதான் லோக்... கேக்கறவங்க எல்லாம் விட்டுட்டுப் போறாங்க."

என் அடுக்குமொழி தொடங்கும் இடம் அது. மண்டபத்தில் கைதட்டல் எழும் இடம்.

"உன் அப்பாவுடையது?"

"அப்பாவோடது அப்படியே நேராப் போகுது மாமா. கடைசி வரைக்கும்." அவள் தமிழ் தடுமாறும், அதைச் சொன்னபோது மட்டும் தடுமாறவில்லை.

உன் இதயம் நின்றுபோனதை இங்குள்ளவர்கள் அறிவார்கள். உன் நேயர்கள் அறியவில்லை. பழைய பகுதிகள் ஓடிக்கொண்டே இருந்ததால் நீ இருப்பதாகவே எண்ணிக்கொண்டிருந்தார்கள். "அண்ணே, புதுசா ஒண்ணும் வரலையே, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று வளைகுடாவிலிருந்து ஒரு பாரவண்டி ஓட்டுநர் எழுதியிருந்தார். பதில் எழுதக் கயலுக்குக் கை வரவில்லை.

"நீங்க சொல்லிடுங்க மாமா. உங்களுக்குத்தான் பேச வரும்."

எண்ணிப் பார். என் வாழ்நாளில் நான் பேசக் கிடைத்த மிகப் பெரிய அவை அது. அதுவும் நீ இறந்ததால் கிடைத்தது. நான் அழுதேனா, பூரித்தேனா? இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. உரையை மட்டும் உடனே எழுதிவிட்டேன். "சாய்ந்தது ஒரு சந்தனமரம், ஓய்ந்தது ஒரு செந்தமிழ்ச் சுரம்" என்று தொடங்கி, மூச்சுவிடாமல் உன் அக்காளுக்குப் படித்துக் காட்டினேன்.

அவள் முந்தானையால் கையைத் துடைத்தபடி கேட்டாள். முடிந்ததும், "இதுல என் தம்பியவே காணோமேங்க. நீங்கதான் நின்னுக்கிட்டு இருக்கீங்க" என்றாள்.

மறுநாள் உன் அக்காளோடு கராடிக்குப் போய், உன் அலமாரிக்குள் நான் தலையை நுழைத்தேன். அங்கே கை வீச இடமில்லை. கைதட்டலுக்காக நிறுத்தினால் புடவை வாடைதான் வந்தது. "வணக்கம். நான் மணிமாறனோட அத்தான் பேசறேன். உங்க அண்ணன் போயிட்டாரு. ரொம்பக் கஷ்டப்படல. அவர் பேசினது எல்லாம் இங்கயே இருக்கும், கேளுங்க." அவ்வளவுதான் வந்தது. தமிழகராதியையே வாயில் வைத்திருப்பவன் என்று பெயரெடுத்தவனுக்கு அவ்வளவுதான் வந்தது.

கயல் அதை ஏற்றும்போது கேட்டாள்: "இது முடிஞ்சதும் தானா எது ஓடணும்னு ஆப் கேக்குது மாமா. உங்க பேச்சு ஒண்ணு போடட்டா? இன்னிக்கு எல்லாரும் இருப்பாங்க. சான்ஸ் மாமா, விடாதீங்க."

விட மனமில்லை மாப்பிள்ளை. நம் மேடை மரபு உனக்குத் தெரியும். வரவேற்புரைக்காரன் முதலில் பேசி அமர்ந்துவிட வேண்டும். நிறைவாகப் பேசுகிறவருக்குத்தான் அவை. நான் ஏறிய எந்த மேடையிலும் எனக்குப் பின் எவரும் பேசியதில்லை. உன்னையும் விட்டதில்லை. அந்தப் பொத்தான்மீது கயலின் விரல் காத்திருந்தபோது, மண்டபம் நிறைந்த கூட்டம் ஒன்று என் வாயையே பார்த்திருப்பதுபோல் இருந்தது.

"உன் அப்பாவின் முதல் பகுதியைப் போடு" என்றேன்.

"நிஜமாவா மாமா?"

"போடு அம்மா. நான் மனம் மாறுவதற்குள் போடு."

கயல் அதை ஓடவிட்டுக் காட்டினாள். என் குரல் ஒலித்து அடங்கியது. ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு நீ வந்தாய்: "என்ன, சாப்பிட்டாச்சா?" அடுத்த அறையில் உன் அக்காள் "இன்னும் இல்லடா" என்றாள்.

பொறாமை தீர்ந்ததா என்று கேட்காதே. தீரவில்லை. ஆனால் இந்த உறுதியைத் தருகிறேன்: ஒவ்வோர் ஆண்டும் உன் நினைவுநாளில் நான் முதலில் பேசுவேன், சுருக்கமாகப் பேசுவேன், அமர்ந்துவிடுவேன். நிறைவுரை உன்னுடையது.

உன் அக்காளின் கணவன்,
உனக்கு வரவேற்புரை சொன்ன அத்தான்