ஏழு நாள் அட்டை

என் செல்லத்துக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம், உன் அப்பாவின் முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு நடக்கிறது. நீயும் வயிற்றில் இருக்கும் குட்டியும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே இங்கே எந்நேரமும் நினைப்பு. போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நீ, "ஏழு நாள்தான் இருப்பீங்கன்னா வராமலே இருந்துடுங்கம்மா" என்று சொல்லிப் போனை வைத்தாயே, அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. உன்மேல் கோபம் இல்லை, நீ கேட்டது நியாயம்தான். தலைப்பிரசவத்துக்கு வருகிற தாய் ஏழே நாளில் மூட்டையைக் கட்டினால் எந்த மகளுக்குத்தான் மனசு ஆறும். ஆனால் காரணத்தைப் போனில் சொல்ல வழியில்லை, நான் போனை எடுத்தாலே உன் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். அதனால்தான் கடிதம். உட்கார்ந்து படி, சிரித்துச் சிரித்து வயிற்றைக் குலுக்கிக்கொள்ளாதே.

பஸ்ஸில் எல்லையைத் தாண்டி நீ இருக்கும் நாட்டுக்கு வந்து தங்க இரண்டு வழி இருப்பது உனக்கே தெரியும். அடையாள அட்டையைக் காட்டினால் ஏழு நாள், பாஸ்போர்ட்டைக் காட்டினால் தொண்ணூறு நாள். உன் அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு பாஸ்போர்ட் எடுத்து, அதற்கு உறை போட்டு, அந்த உறைக்கும் ஓர் உறை போட்டு வைத்திருக்கிறார். அட்டையே போதும் என்று ஒற்றைக் காலில் நின்றது நான்தான். பாஸ்போர்ட் போட்டோவில் சிரிக்கக் கூடாதாம், சிரிக்காவிட்டால் என்னைப் பார்த்து அதிகாரிகளே பயப்படுவார்கள் என்றேன். தைக்க வந்த பள்ளிச் சீருடை மலையாகக் கிடக்கிறது என்றேன். மாப்பிள்ளை வீட்டில் மூன்று மாதம் உட்கார்ந்தால் மரியாதை கெட்டுவிடும் என்றேன். உண்மை என்னவென்றால், பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள். என் சான்றிதழில் ஒரு வருடம், அட்டையில் வேறு வருடம்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். எங்கள் கல்யாணப் பேச்சு நடந்தபோது உன் அப்பாவுக்கு இருபத்தாறு, எனக்கு இருபத்தேழரை. பெண்ணுக்கு என்ன வயது என்று அவர்கள் கேட்டதும் என் அப்பா கண்ணைக்கூடச் சிமிட்டாமல் இருபத்துநாலு என்றார். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் மாப்பிள்ளையை எனக்குப் பிடித்திருந்தது, வாயை மூடிக்கொண்டேன். பிறகு அட்டை எழுத வந்தவர்களிடம் உன் அப்பாவே என்னை முந்திக்கொண்டு பெருமையாக வயதைச் சொல்லிவிட்டார். பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து இரண்டு நிமிடம் தாமதமாக வந்த டிரைவரையெல்லாம் பிடித்த மனுஷன், சொந்த மனைவியிடம் மூன்றரை வருடத்தைக் கோட்டைவிட்டார்.

நீ போனை வைத்த மறுநாள், இனி மானம் போனாலும் போகட்டும் என்று பெட்டியின் அடியிலிருந்த சான்றிதழை எடுத்துக்கொண்டு அவரோடு ஜெராக்ஸ் கடைக்குக் கிளம்பினேன். வழியிலேயே சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். மருந்துக்கடை தாண்டியதும் சொல்கிறேன், வங்கி தாண்டியதும் சொல்கிறேன் என்று இழுத்தடித்ததில் கடையே வந்துவிட்டது. ஜெராக்ஸ்காரர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஊருக்கே கேட்கிற குரலில், "என்னம்மா இது, நீங்க ரெண்டு தடவை பொறந்தீங்களா?" என்றார். உன் அப்பா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். வீடு திரும்பியதும் அடுப்படிக்கு வந்து நின்று, "அப்போ அந்த ஸ்கூட்டர வித்திருக்க வேண்டாமோ?" என்றார். ஸ்கூட்டரை விற்க வேண்டாம் என்றதிலிருந்து நான் தடுத்த எல்லாவற்றிலும் அவர் "வயசுல பெரியவன் சொல்றேன், கேளு" என்று சொல்லித்தானே இத்தனை வருடம் ஜெயித்திருக்கிறார்.

அதற்குப் பிறகு பத்து நாள் நான் பட்ட பாடு இருக்கிறதே! "எழுந்திருங்க", "சாப்பிடுங்க", "சீரியல் பார்க்கிறீங்களா, மாத்தட்டுமா" என்று அவர் வாயில் எதற்கெடுத்தாலும் மரியாதைதான். பக்கத்து வீட்டு நர்ஸம்மா இதைக் கேட்டுவிட்டு, உங்களுக்குள் ஏதாவது சண்டையா என்று என்னைத் தனியாக அழைத்து விசாரித்தாள். அவர் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் பாப்பா. நான் ஏமாற்றியதுதான் அவருக்கு வலித்திருக்கிறது, அது எனக்கும் வலித்தது. அதற்கு நடுவிலும் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு என்னோடு மூன்று முறை அலைந்தார். நல்லவேளை, அங்கே சான்றிதழில் உள்ள வருடம்தான் கணக்கு, அட்டையைப் பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

நேற்று பாஸ்போர்ட் கைக்கு வந்தது. உடனே பஸ் டிக்கெட் எடுக்கப் போனோம். எல்லையில் கொடுக்க ஒரு படிவம் நிரப்ப வேண்டுமாம். ஒரே குடும்பமாகப் போகிறவர்களுக்கு ஒரே படிவம், வயதில் மூத்தவர் பெயர் மேலே, கூட வருகிறவர் பெயர் கீழே, மூத்தவர் கையெழுத்துப் போட்டால் போதும் என்றாள் கவுண்டரில் இருந்த பெண். உன் அப்பா வழக்கம்போல் பேனாவைத் திறந்து குனிந்துவிட்டார். அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். பின்னால் வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள். பிறகு படிவத்தை என் பக்கம் நகர்த்தி, பேனாவையும் கையில் கொடுத்து, "நீயே போடுடி, பெரியவ நீதானே" என்றார். அந்த ஒரு "டி"யைக் கேட்டதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கவுண்டர் பெண் என்னைப் பார்த்து, கூட வருகிறவர் யார், அவருக்கு யார் பொறுப்பு என்று கேட்டாள். என் வீட்டுக்காரர், என் பொறுப்புதான் என்றேன். அவர் பக்கத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ஆக, வருகிற பதினான்காம் தேதி காலையில் உன் ஊர் பஸ் நிலையத்தில் இறங்குகிறோம், தொண்ணூறு நாளுக்கு. நீ அலைய வேண்டாம், மாப்பிள்ளை வந்தால் போதும். டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை ஒளித்து வைக்காமல் விழுங்கு. இந்தக் கடிதத்தை மாப்பிள்ளை கண்ணில் காட்டாதே, அவரிடம் உன் அப்பா இப்போதும் பெரியவராகவே இருந்துவிட்டுப் போகட்டும். தாயும் பிள்ளையுமாக நீங்கள் ஒரு குறையும் இல்லாமல் நூறாண்டு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
படிவத்தின்படி இந்தக் குடும்பத்துக்கே மூத்தவளான
உன் அம்மா