ஏன் பூஜ்யம் போடவில்லை?

மார்ச் 4
வலது காலில் மாவுக்கட்டு. ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள். பள்ளிக்கூட ஹாலில் விளக்கு மாட்டும்போது ஏணியிலிருந்து விழுந்தேன். மச்சான் ஏணிப் பிடியை விட்டுவிட்டான் என்று காண்ட்ராக்டரிடம் சொன்னேன். அவனை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார். மனைவியிடமும் அதையேதான் சொன்னேன். கூடப் பிறந்த தம்பிக்கு அவள் முகம் கொடுப்பதில்லை. அவன் ஃபிளாஸ்கை வார்டு வாசலில் வைத்துவிட்டுப் போகிறான்.

மார்ச் 5
கை நடுங்குகிறது, எழுத்து கோணல்மாணல். டாக்டர் மாத்திரை கொடுத்தார். எதனால் நடுக்கம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மார்ச் 6
ஒரு நர்ஸம்மா தாளோடு வந்தார். "குடிக்கிறதப் பத்திப் பேசலாமா? பத்து நிமிஷம்தான். வேணாம்னா போயிடறேன்." இப்படிக் கேட்டால் எப்படி மறுப்பது?

வாரத்தில் எத்தனை நாள் என்றார். "எப்பவாவது." ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றுவிட்டது. எனக்கே கூசியது. "தினமும். அரை பாட்டில்." ஈரல் கெட ஆரம்பித்திருக்கிறது என்று ரத்தப் பரிசோதனைத் தாளைக் காட்டினார், பஸ் நேரம் சொல்வதுபோல.

"விடறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள ஒரு மார்க் போடுங்க."

"மூணு." ஆளை அனுப்பினால் போதுமென்று சொன்னது. ஏன் பத்து இல்லை என்று பிடிபிடியென்று பிடிப்பார் என நினைத்தேன்.

"ஏன் பூஜ்யம் போடல?"

போர்வையை இழுத்து மாவுக்கட்டை மூடினேன். "இப்பவே சொல்லணும்னு இல்ல," என்று எழுந்து போய்விட்டார்.

மார்ச் 7
அந்த மூன்று எங்கிருந்து வந்தது? ஈரலுக்காகவா? ஈரலை நான் என்றைக்கு நினைத்தேன்.

மார்ச் 8
எழுதிவிடுகிறேன். அன்று காலையிலேயே குடித்திருந்தேன். மச்சானுக்கு வாடை அடித்துவிட்டது. "நீங்க ஏற வேணாம் மாமா, நான் ஏறறேன்." எனக்கே பாடம் எடுக்கறியா என்று ஏறினேன். அவன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் இருந்தான். ஏணி அசையவே இல்லை. நான்தான் விழுந்தேன். அவன் வாயைத் திறந்திருந்தால் என் வேலை போயிருக்கும் — அதற்காகவா மச்சான் சும்மா இருந்தே? ஏன்டா? நான் ஒரு படுபாவி.

மார்ச் 9
மனைவியிடம் சொல்லிவிட்டேன். "சாப்பிட்டியான்னுகூட அவன ஒரு வார்த்த கேக்கலியே," என்றாள். என்னைப் பார்க்காமல் எழுந்து வார்டு வாசலுக்குப் போனாள்.

காண்ட்ராக்டருக்கும் ஃபோன் போட்டேன். காது கூசத் திட்டினார். மச்சானைத் திரும்ப எடுத்துக்கொள்கிறாராம். என்னைப் பற்றிப் பிறகு பார்க்கலாமாம்.

மார்ச் 10
ஏன் பூஜ்யம் இல்லை என்று நர்ஸம்மாவிடம் பதில் சொன்னேன்: "என் மச்சானுக்காக." "இப்ப எவ்வளவு போடுவீங்க?" "ஆறு." குறித்துக்கொண்டார். பாராட்டவில்லை, நல்லவேளை.

ஏப்ரல் 21
நேற்று குடித்துவிட்டேன். இன்று இல்லை.

ஜூலை 15
நான்கு மாதம் கழித்து வேலைக்குப் போனேன், மச்சானுக்குக் கையாளாக. அதே ஹால்; அந்த விளக்கு இன்னும் மாட்டாமலே கிடக்கிறது. ஏறுவதற்கு முன் மச்சான் என் முகத்தருகே வந்து நின்றான். எதற்கென்று புரிந்தது. ஊதிக் காட்டினேன். அவன் சிரிக்கவில்லை. ஏறினான். இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.