கூட்டுக் கிணற்றில் ஒரு மீட்டர்

பிப். 3, செவ்வாய்

காலையிலேயே வெயில். ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டைப் பக்கம் பைக்கில். ஃபாக்டரி பஸ் புழுதி முழுக்கச் சட்டையில்.

ஏழுமலை கழனியில் நீர்மட்டம் பார்க்க நட்ட துளைக்குழாய் சரி. தண்ணீர் மண்ணுக்குக் கீழே இறங்கிய பிறகுதான் மோட்டார் போடுகிறார். யூரியாவும் குறைத்துவிட்டார். ஆனால் மோட்டார் ஓடும் நேரம் காட்டும் மீட்டரில் கணக்கு குறையவில்லை. குறைந்தால்தான் எங்கள் அரிசி கம்பெனி நெல்லுக்குக் கூடுதல் விலை தரும்.

"அண்ணே, திருட்டுத்தனமா மோட்டார் போடுதீங்களா?"

"நான் ஏன்பா போடறேன்? நாள் வுட்டு நாள் தம்பி முறை. அவன் தண்ணி வுட்டுகினே கீறான்."

கூட்டுக் கிணறு. ஒரே மோட்டார், இரண்டு பங்கு. மீட்டர் மாட்டியபோது நான் கேட்கவே இல்லை. முட்டாள். அண்ணன் தம்பிக்குள் பேச்சும் இல்லை; வரப்புத் தகராறு.

வாடகை அறையில் மூன்று பேர். மற்ற இருவரும் ஃபாக்டரி ஷிஃப்ட்; அவர்கள் விழித்திருந்து நான் பார்த்ததில்லை. இரவு தனியாகப் பரோட்டா.

பிப். 5, வியாழன்

தம்பி தசரதன். ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு மடை திருப்பிக்கொண்டிருந்தார்.

"கரண்ட்டு ஃப்ரீ. நிறுத்தினா எனக்கு இன்னா?"

"ரெண்டு பேருக்கும் கூடுதல் விலை. நீங்க சேரலைன்னா அண்ணனுக்கும் கிடையாது."

"அவருக்கும் கெடையாதா?" முகமெல்லாம் சிரிப்பு.

எரிச்சல். டயர் பஞ்சர் வேறு.

பிப். 8, ஞாயிறு

லேசான மேகம். தம்பி சொன்னதை ஏழுமலையிடம் சொன்னேன். மண்வெட்டியைக் கழுவி வைத்தார். பிறகு:

"அவன் ஷிஃப்டுக்குப் போய்டறான். பயிரு காஞ்சிடும்னு பயந்துகினு ரொப்பி வெக்கறான். அவன் கழனில கொழாய் நட்டா அதையும் நான் பாத்துக்கறேன்னு சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாத."

தசரதனிடம் சொன்னேன்.

"அவரு சொன்னாரா?"

"இல்லை."

"பொய் சொல்லக்கூடத் தெர்லயே சாரு உனக்கு." மடையை அடைத்துவிட்டு, "சரி. நிறுத்தறேன். சாப்ட்டு போ."

ஏற்கெனவே அண்ணன் வீட்டில் கருவாட்டுக் குழம்பு. இங்கும் சாப்பிட்டேன். இங்கே வந்தபிறகு இப்படி ஒரு ஞாயிறு இல்லை.

பிப். 18, புதன்

மீட்டர் கணக்கு நன்றாகவே குறைந்திருக்கிறது. கம்பெனியும் இருவருக்கும் கூடுதல் விலை என்று சொல்லிவிட்டது. சொல்லப் போனேன். மோட்டார் கொட்டாய் பக்கத்தில் இருவரும்.

"டேய், உன் பக்கம் இன்னும் தாங்கும். போடாத."

"எனக்கும் கண்ணு கீது, போ."

நேராகவே. என் வழியாக இல்லை.

"சாரு, இனிமே நீ அலையாத. மீட்டர நானே போட்டோ புட்ச்சி அனுப்பிடறேன்," என்றார் தசரதன்.

நல்ல யோசனை. பெட்ரோல் மிச்சம். நம்பர் கொடுத்தேன்.

அடுத்த வாரம் இரண்டு கழனியிலும் குழாய்த் துளைகளில் சேறு அடைத்திருக்கிறதா என்று பார்க்கப் போக வேண்டும். அடைக்காது. சேறு புகாமல் வலை சுற்றியது நான்தான். ஆனாலும் போவேன், ஞாயிறாகப் பார்த்து.